ஒழுகுதலும் ஒழுக்கமும்

ஆங்கிலத்தில் 'ஃப்ளோ' என்பது ஒரு சிறு சொல். ஆறு செல்வதும், உடம்பில் குருதி சுற்றுவதும், கம்பியில் மின்சாரம் செல்வதும், கடல்நீர் ஏறுவதும், பேச்சுத் தடையின்றி வருவதும் அச்சொல்லுள் அடங்கும். செய்யும் தொழிலில் தன்னை மறந்து ஆழ்ந்திருக்கும் மனநிலைக்கும், 1990-இல் வெளிவந்த தம் நூலில், மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்னும் உளவியல் அறிஞர் அதனையே பெயராக ஆண்டார். இதற்குத் தமிழில் நேர்ச்சொல் யாது என்று வினவினால், பலரும் 'ஓட்டம்' என்று கூறி அமைவர். இரத்த ஓட்டம், மின்னோட்டம் என்பன நிலைபெற்றுவிட்டமையால் அவ்விடை பிழையன்று, ஆயினும் குறையுடையது.

தமிழர் நீரின் செலவைப் பலவாறு பிரித்துக் கண்டவர். விரைந்து செல்லின் ஓடுதல். விசையோடு புகின் பாய்தல். விளிம்பைக் கடப்பின் வழிதல். நுண்ணிதாக வெளிப்படின் கசிதல். அளவு மிகின் பெருகுதல். இடையறாது தொடர்ந்து செல்லின் ஒழுகுதல். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் தோன்றிய நகரம் கோலாலம்பூர். அவ்வாறு பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, கிள்ளானைக் கடந்து கடலை அடைகின்றது. அதன் நாட்செலவை ஒழுகுதல் எனலாம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுட் புகுந்தபோது நீர் ஒழுகிற்று என எவரும் கூறார். பெருகிற்று, பாய்ந்தது என்றே கூறுவர்.

தொல்காப்பிய உரியியல் வார்தல், போகல், ஒழுகல் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து, அவை நேர்மையையும் நெடுமையையும் உணர்த்தும் என்கின்றது. சூத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்புற்றுச் செல்லும் முறையை நன்னூல் ஆற்றொழுக்கு என்னும். இடைவிட்டுத் தாவுவது தவளைப் பாய்த்து. அகப்பொருள் நூலார் களவொழுக்கம், கற்பொழுக்கம் என்றனர். களவும் ஓர் ஒழுக்கமாயின், அச்சொல் அங்கு விதிக்குக் கீழ்ப்படிதலைக் குறித்ததன்று. வாழ்க்கை செல்லும் நெறியைக் குறித்தது என்பது தெளிவு.

ஒலி ஒப்புமை கொண்டு உறவு கூறுதல் இடர்ப்பாடுடையது என்பதும் உண்மையே. 'ஃப்ளோ' என்பதும், தடையின்றிப் பேசுதலைக் குறிக்கும் 'ஃப்ளூவென்ட்' என்பதும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஆனால் முன்னது செருமானிய வழியது, பின்னது இலத்தீன் வழியது. ஒழுகு, ஒழுக்கு, ஒழுக்கம் என்பவற்றின் உறவு அத்தகைய தோற்ற உறவன்று. ஒரே வினையடியினின்று அவை கிளைத்தவை. ஒழுங்கு என்பதும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

கூரை ஒழுகுகின்றது என்பதும் இச்சொல்தானே, குற்றத்திற்கும் குணத்திற்கும் ஒரு சொல்லா என்று சிலர் ஐயுறலாம். பழைய தோட்ட லயங்களில் மழைக்குப் பாத்திரம் ஏந்தி வைத்தோர் அப்பொருளை நன்கறிவர். சொல் நீரின் செலவை மட்டும் கூறுகின்றது; அது வாய்க்காலிற் சென்றால் நன்மை, கூரையிற் சென்றால் தீமை. இதனாலன்றோ வள்ளுவரும் நல்லொழுக்கம், தீயொழுக்கம் என இரண்டையும் ஆண்டார்?

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 'டிசிப்பிளின்' என்பதற்குக் கட்டொழுங்கு என்னும் சொல் வழங்குகின்றது. அவ்வாங்கிலச் சொல் மாணாக்கனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆகவே அதன் அடியில் இருப்பது கற்றல். மலாயில் வழங்கும் 'தெர்திப்' அரபி வழி வந்தது. அதன் அடியில் இருப்பது முறைவைப்பு. தமிழ்ச்சொல்லிலோ கட்டு, ஒழுங்கு என இரண்டு உறுப்புகள் உள. கட்டு கரை, ஒழுங்கு அக்கரைக்குள் செல்லும் நீர்.

சொல்லில் குறையில்லை, முதற்பாதியோடு அதனை நிறுத்திப் படிப்பதே குறை. வெட்டிய முடி, தூய சீருடை, மணியடித்தவுடன் வரிசை ஆகிய இவையெல்லாம் கட்டு. இவற்றைக் காத்த மாணவனை அவ்வளவிலேயே ஒழுக்கமுடையவன் என முடிவு செய்தல், கரையைக் கண்டு ஆற்றைக் கண்டதாகக் கருதுவதை ஒக்கும். குறளில் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம்; ஒழுக்கமுடைமை 14ஆம் அதிகாரம். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டா. ஆசிரியர் முன் அடங்கி நிற்றல் வேறு. அவர் இல்லாதவிடத்தும் நேராகவும் நெடிதாகவும் சென்றுகொண்டிருத்தல் வேறு.

கரை வேண்டா என்பது இதன் கருத்தன்று. கரையில்லாத நீர் ஆறாகாது, வெள்ளமாகும். ஆனால் நீர் வற்றியபின் கரையை மட்டும் உயர்த்திக் கட்டுவதாற் பயனென்ன? நன்னெறிக்கல்வி கற்பிப்போர் ஒழுக்கம் என்னும் பெயரை எழுதிப் பொருள் கூறுமுன், ஒழுகு என்னும் வினையை மாணவர்க்கு விளக்குதல் நன்று. ஒழுக்கம் ஒருநாள் அடக்கமன்று, இடையறாத செலவு என்பதை அவ்வினையே அவர்களுக்கு உணர்த்திவிடும்.