சுண்டிக்குளம்: பறவைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சுண்டிக்குளம் போய்வந்தோம் என்று சொன்னால் ஊரில் எல்லாரும் கேட்கும் முதற் கேள்வி, “பூநாரை கண்டனீங்களோ?” என்பதுதான். அந்தக் கேள்வியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவருக்கே அந்த இடம் பிடிபடும். பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் மாரி கழிந்த பிறகுதான் களைகட்டும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முற்பாதியிலும், சோளகம் ஓய்ந்து வாடை பிடிப்பதற்கு முன்னுள்ள சில கிழமைகளில், அங்கே நடப்பது வேறு கூத்து. என்னைக் கேட்டால் அதுதான் ஒரு படி மேல்.

குடாநாட்டை வன்னியோடு பிணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் கிடக்கிறது இந்தக் களப்பு. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமானது. இருட்டோடு புறப்படுங்கள். இயக்கச்சியில் ஏ-9 வீதியை விட்டுக் கட்டைக்காட்டுப் பக்கம் திரும்பும்போது விடிந்துகொண்டிருக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் பறவைப் பிரியர்கள் வழியிலேயே வாகனத்தை நிறுத்தச் சொல்வார்கள், கம்பியில் இருக்கும் கரிக்குருவிக்காக. இலங்கையில் அது வடக்கு, வடமேற்குப் பகுதிகளில்தான் உண்டு. கவுதாரியும் அப்படியே. நாம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கடற்கரைப் பக்கம் நின்று களப்பை நோக்கினால் காலை வெயில் முதுகில் விழும்; பறவையின் நிறம் துலங்கும். பத்து மணிக்குமேல் கானல் எழும்பிவிடும். பிறகு எந்தப் பைனாகுலரும் உதவாது.

பைனாகுலரைக் கண்ணில் வைக்குமுன் தண்ணீரைப் பாருங்கள். எது ஈரச்சேறு, எது கணுக்கால் ஆழம், எங்கே நீர் கறுத்து ஆழமாகிறது? கனகராயன் ஆறு மழைவெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் வரை களப்பு வற்றி, உவர்ப்பேறி, சேறு வெளித்துக் கிடக்கும். அந்தச் சேறுதான் ஆர்க்டிக் பக்கமிருந்து வரும் சிறு பறவைகளின் சாப்பாட்டு மேசை. வெள்ளம் வந்துவிட்டால் சேறு மூழ்கும். ஊசிவால் வாத்துகளின் காலம் தொடங்கும்.

இனி காலையும் மூக்கையும் பாருங்கள். ஈரச்சேற்றின் மேற்பரப்பிலேயே கொத்தித் திரிவது கொசு உள்ளான், சிட்டுக்குருவியளவுதான் இருக்கும். கொஞ்சம் உள்ளே, கால் நனைய நின்று சேற்றைக் குத்திக் கிளறுவது வளைமூக்கு உள்ளான். இன்னும் ஆழத்தில், வயிறு நனைய இறங்கி நீண்ட மூக்கை முழுதாகச் செருகுவது கருவால் மூக்கன். ஒரே சேறு, மூக்கின் நீளத்துக்கேற்ற பந்தி. ஒன்றின் இலையில் மற்றது கை வைப்பதில்லை. உப்புக்கொத்தியின் முறை வேறு. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும். அது கண்ணால் தேடுகிறது. சேற்றைக் குத்திக் கிளறும் உள்ளான்கள் மூக்கு நுனியால் தடவித் தேடுகின்றன. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டாலே பாதி வித்தை கைவந்தது. பெயர்கள் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

வளைமூக்கு உள்ளானில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. தாய் தகப்பன் முதலில் புறப்பட்டுவிடும். சில வளர்ந்தவற்றின் நெஞ்சில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மண் நிறம் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டியிருக்கும். நெஞ்சு வெளிறி, முதுகுச் சிறகுகள் செதில் செதிலாக அழகாய்த் தெரிந்தால் அது இந்த வருடத்துக் குஞ்சு. வழிகாட்டப் பெற்றோர் இல்லாமல், ஒருமுறையும் காணாத கரைக்கு வந்து சேர்ந்தது. பூநாரையைத் தேடி ஓடுகிறவர்கள் இதை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போவார்கள்.

ஒதுக்கில் நாலைந்து பூநாரை நின்றாலும் நிற்கும். சாம்பல் நிறமென்றால் இளசு. மூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டுவதைப் பார்த்துவிட்டு மறுபடி சேற்றுக்கே வாருங்கள்.

தனியே போகாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது களப்பில் தொழில் செய்யும் ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்கு ஆங்கிலப் பெயர் தெரியாமலிருக்கலாம். நேற்று எந்தச் சேற்றில் எது மேய்ந்தது என்று தெரியும். யுத்தம் நடந்த நிலம் இது. கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வேண்டாம். ஆட்கள் புழங்கும் தடத்தை விட்டு இறங்கவும் வேண்டாம்.

இன்னுமொன்று. கூட்டம் எழும்பிப் பறக்கும் படம் வேண்டுமென்று “அண்ணை, ஒருக்கா கையைத் தட்டுங்கோ” என்று கூட வருபவரிடம் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்த பறவைகள் அவை. வீணாய் ஒருமுறை எழுப்பினாலும் தின்றதில் ஒரு பங்கு போய்விடும்.