லிப்கிட்2: அடங்கி நடக்கும் நிரலகம்

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், அதாவது நிரல்களில் நேரும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், சிறுசிறு கட்டளைகளின் தொகுதியாகவே வளர்ந்தது. பெரும்பிழை நேர்ந்தால் செய்தியொன்றை அச்சிட்டுவிட்டுத் தன் இயக்கத்தையே முடித்துக்கொள்வது அதன் இயல்பு. முனையத்தில் தட்டச்சிடுபவருக்கு இது குறையன்று. ஆயினும் இடைவிடாது ஓடவேண்டிய சேவையக நிரலுக்குள் அதை அப்படியே பொருத்தினால், ஒரு களஞ்சியத்தின், அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் அடங்கிய தொகுப்பின், கோளாறு சேவையகம் முழுவதையும் சாய்த்துவிடும்.

2008-இல் ஷான் பியர்ஸ் தொடங்கிய லிப்கிட்2, பிற மென்பொருள்கள் தமக்குள் இணைத்துக்கொள்ளத்தக்க செயற்கூறுகளின் தொகுப்பாக, அதாவது நிரலகமாக, சி மொழியில் எழுதப்பட்டது; அது பிழையை ஓர் எண்ணாகத் திருப்பியளித்து, அடுத்து என்ன செய்வது என்னும் முடிவை அழைத்த நிரலிடமே விட்டுவிடுகிறது. இந்த அடக்கமே அதன் முதல் அழகு. சி மொழியின் செயற்கூறுகளைப் பெரும்பாலான மொழிகளிலிருந்து அழைக்க இயலுமாதலால், பைத்தானில் பைகிட்2, ரூபியில் ரக்ட் என இணைப்புகள் அதன்மேல் எழுந்தன. அதன் ஜிபிஎல் உரிமத்தில், அதாவது இணைத்து வழங்கும் மென்பொருளின் மூலநிரலையும் வெளியிடக் கோரும் உரிமத்தில், சேர்க்கப்பட்ட இணைப்பு விலக்கு, மூலநிரலை வெளியிடாத மென்பொருள்களும் அதைப் பயன்படுத்த இடமளிக்கிறது; நிரலகத்திலேயே செய்யும் திருத்தங்களை மட்டும், அதை வழங்கும்போது, மறைக்க இயலாது.

ஆனால் நிரலகத்திடமிருந்து பெற்ற ஒவ்வொரு பொருளின் நினைவகத்தையும் உரிய செயற்கூற்றால் விடுவிக்கும் கடமை, அதை அழைக்கும் நிரலை எழுதுபவருடையது. சி மொழிக்குப் பழகியோர் இதைச் சுமையாகக் கருதுவதில்லை, மற்றவர் கருதுவது நியாயமே.