ஓய்வு யாருக்கு உரியது? – ஜூலியட் ஷோரின் நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அரபு மொழியில் ஓய்வைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது ‘ஃபராக்’ என்பது. வெறுமை, காலியாயிருத்தல் என்பனவும் அச்சொல்லின் பொருள்களே. பாத்திரம் காலியானாலும், மனிதன் தன் அலுவலிலிருந்து விடுபட்டாலும் அரபு மக்கள் ஒரே வேர்ச்சொல்லிலிருந்தே வினையை அமைப்பர். அதற்கு எதிரானது ‘ஷுக்ல்’, அதாவது அலுவல். கிரேக்க மொழியிலோ நிலைமை தலைகீழாக உள்ளது. அங்கே ஓய்வு ‘ஸ்கோலே’; வேலை ‘அஸ்கோலியா’, அதாவது ஓய்வின்மை. ஓய்வே மூலம், வேலை அதன் இன்மை. ஒரு சமூகம் வேலையை நிறைவாகவும் ஓய்வை வெறுமையாகவும் காண்கிறதா, அல்லது ஓய்வை நிறைவாகவும் வேலையைக் குறைவாகவும் காண்கிறதா என்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் வினா அன்று. அச்சமூகம் தன் சட்டங்களை எவ்வாறு இயற்றுகிறது, தன் பிள்ளைகளை எதற்காக வளர்க்கிறது என்பனவும் அதில் அடங்கியுள்ளன.

இவ்வினாவை அமெரிக்க மக்கள்முன் வைத்த நூல்களுள் குறிப்பிடத்தக்கது, பொருளியல் பேராசிரியர் ஜூலியட் ஷோர் 1991-இல் வெளியிட்ட ‘மிகையாய் உழைக்கும் அமெரிக்கர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல். வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்னும் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது. 2022 முதல் பல நாடுகளில் நடைபெற்ற நான்கு நாள் வேலைவாரச் சோதனைகளை ஆராய்ந்தவர்களுள் ஷோரும் முதன்மையானவர். எனவே அந்நூலை மீண்டும் வாசித்து, எது நிலைத்தது, எது தேய்ந்தது என்று எடைபோடுவது பயனுடையதாகும்.

நூலின் வாதம்

ஷோரின் அடிப்படைக் கூற்று எளிமையானது. 1969-க்கும் 1987-க்கும் இடையில், வேலையிலுள்ள ஒரு சராசரி அமெரிக்கரின் ஊதிய உழைப்பு ஆண்டுக்கு 163 மணி நேரம் கூடிற்று. இது ஏறத்தாழ ஒரு மாத வேலைக்குச் சமம். ஆண்களுக்குக் கூடியது 98 மணி. பெண்களுக்கோ 305 மணி. இக்கூற்றினும் வலுவானது இதனைத் தொடரும் கணக்கு. 1948-க்குப் பின் அமெரிக்கத் தொழிலாளியின் உற்பத்தித் திறன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. 1948-ஆம் ஆண்டின் வாழ்க்கைத்தரமே போதும் என்று அந்நாடு முடிவு செய்திருந்தால், அதனைப் பாதிக்கும் குறைவான நேரத்தில் ஈட்டியிருக்க முடியும். ஆனால் பெருகிய திறனின் பலன் நேரமாகத் திரும்பவில்லை, பொருளாகவே திரும்பிற்று. உழைத்துச் செலவழிப்பது, செலவழித்ததனால் மேலும் உழைப்பது என்னும் சுழலுக்குள் மக்கள் சிக்கினர் என்கிறார் ஷோர்.

இச்சுழல் எவரும் திட்டமிட்டுத் தேர்ந்ததன்று என்பதும் அவர் காட்டும் உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஊதிய உயர்வைக் கட்டுப்படுத்திற்று. ஊதியத்தை உயர்த்த இயலாத முதலாளிகள் தொழிலாளரை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டை வழங்கினர். போர் முடிந்த பின்னும் காப்பீடு வேலையோடு பிணைந்தே நின்றது. இதன் விளைவு என்ன? ஒரு தொழிலாளிக்கான காப்பீட்டுச் செலவு அவர் முப்பது மணி நேரம் உழைத்தாலும் ஐம்பது மணி நேரம் உழைத்தாலும் ஒன்றே. ஆகவே நால்வரை அமர்த்துவதினும் மூவரை அமர்த்தி நீண்ட நேரம் வேலை வாங்குவதே முதலாளிக்கு ஆதாயம். மாதச் சம்பளக்காரர் பலருக்குக் கூடுதல் நேர ஊதியமும் கிடையாது. அவர்களுடைய நாற்பதாவது மணிக்குப் பிந்தைய ஒவ்வொரு மணியும் நிறுவனத்திற்கு இலவசம். பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் விளக்கி முடிப்போர் இப்பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

மறந்துபோன வரலாறு

உழைப்பு நேரத்தைக் குறைக்கும் போராட்டத்தின் தாயகமே அமெரிக்கா என்பதை நம்முள் பலர் நினைப்பதில்லை. எட்டு மணி நேர வேலை கோரி 1886 மே மாதம் சிகாகோவில் நடந்த கிளர்ச்சியின் நினைவாகவே உலகம் மே நாளைக் கொண்டாடுகிறது. அமெரிக்காவோ தன் தொழிலாளர் நாளைச் செப்டம்பர் மாதத்திற்கு ஒதுக்கிக்கொண்டது. ஹென்றி ஃபோர்டு 1926-இல் தம் ஆலைகளில் ஐந்து நாள் வாரத்தைக் கொணர்ந்தார். மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரிலுள்ள கெல்லாக் தானிய உணவு ஆலை, 1930 டிசம்பரில், எட்டு மணி நேர முறைமாற்று மூன்றை ஆறு மணி நேர முறைமாற்று நான்காக மாற்றிற்று. பெருமந்தக் காலத்தில் கூடுதலானோர்க்கு வேலை தரும் ஏற்பாடாகத் தொடங்கிய அது, அவ்வாலையின் சில பிரிவுகளில் 1985 வரை நீடித்தது. கடைசிவரை அதனை விடாது பற்றி நின்றோர் பெரும்பாலும் பெண்களே. முப்பது மணி நேர வாரத்தைச் சட்டமாக்க ஹியூகோ பிளாக் கொணர்ந்த மசோதா 1933 ஏப்ரலில் அமெரிக்க செனட் சபையில் நிறைவேறவே செய்தது. ஆயினும் அது சட்டமாகவில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1940-இல் நாற்பது மணி நேர வாரம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெண் அசையவில்லை. நூறாண்டுகளில் வாரத்திற்குப் பதினைந்து மணி நேர உழைப்பே போதுமானதாகும் என்று பொருளியலறிஞர் கெயின்ஸ் 1930-இல் எழுதியதை இதனோடு சேர்த்து எண்ணுவோமாக.

இதற்குக் காரணம் கேட்டால், நம்மவர் பலர் மாக்ஸ் வேபரை நோக்கிக் கைகாட்டுவர். புராட்டஸ்டண்ட் கிறித்தவத்தின் அறநெறியே முதலாளியத்தின் உழைப்பு மனப்பான்மையை உருவாக்கிற்று என்று 1904-05-இல் அவர் எழுதினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அறிவுரைகளைச் சான்றாகவும் காட்டினார். இது ஆழமான ஆய்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்றைய நிலையை அது விளக்குமா? லூதரின் நாடான ஜெர்மனியில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 1,340 மணி நேரம் அளவிலேயே உழைக்கிறார்; அமெரிக்கர் 1,800 மணி நேரம் அளவில் உழைக்கிறார். 1970-களின் தொடக்கத்தில் இவ்விரு நாட்டாரிடையே இத்தகைய வேறுபாடு இல்லை. அரை நூற்றாண்டில் மதம் மாறிவிடவில்லை; சட்டமும் தொழிற்சங்கமுமே வேறுபட்டன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வார ஊதிய விடுப்பு சட்ட உரிமை. அமெரிக்க மத்தியச் சட்டமோ ஒரு நாள் ஊதிய விடுப்பையும் கட்டாயமாக்கவில்லை. 1950-களில் தொழிலாளருள் மூன்றில் ஒரு பங்கினர் சங்கங்களில் இருந்தனர். இன்று பத்தில் ஒரு பங்கினரே உள்ளனர். பிற சமயத்தவரின் கோட்பாட்டின்மீது பழியைச் சுமத்திவிட்டு நாம் நிம்மதி அடைவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

நூலின் குறை

ஷோரின் புள்ளிவிவரங்களை எதிர்த்து எழுந்த வலுவான மறுப்பு, ஜான் ராபின்சனும் ஜெஃப்ரி காட்பியும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு நூலாகும். எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று கேட்டால் மக்கள் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். ஒரு நாளின் செயல்களை நாட்குறிப்பாக எழுதச் செய்தால் வேறு உண்மை வெளிப்படுகிறது என்றனர் அவர்கள். அக்குறிப்புகளின்படி, 1965-க்குப் பின் அமெரிக்கரின் ஓய்வு நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. கூடியதில் பெரும்பகுதியைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. 1965 முதல் 2003 வரையான தரவுகளை ஆராய்ந்து அகியார், ஹர்ஸ்ட் ஆகிய பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட கட்டுரையும் இதனை உறுதிசெய்தது. அதோடு, கூடிய ஓய்வு குறைந்த கல்வி பெற்றோரிடமே மிகுதி என்பதையும் காட்டிற்று.

அவ்வாறாயின் ஷோரின் நூல் பொய்த்துவிட்டதா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். பொய்த்தது சராசரி என்னும் அளவுகோல்தான். வழக்கறிஞரும் நிதி நிறுவன அலுவலரும் வாரத்திற்கு அறுபது மணி நேரத்தைத் தாண்டி உழைக்கும் அதே நாட்டில், கடையிலும் உணவகத்திலும் பணிபுரிவோர் தமக்கு நாளை வேலை உண்டா என்பதையே அறியாமல் காத்திருக்கின்றனர். அவர்களுடைய காலி நேரத்தை ஓய்வு என்று கணக்கிடுவது எவ்வாறு பொருந்தும்? அடுத்த வார வேலை நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று 2016-இல் சியாட்டில் நகரமும் 2017-இல் நியூயார்க் நகரமும் ஓரிகன் மாநிலமும் சட்டமியற்ற நேர்ந்தது இதனாலேயே. நீண்ட உழைப்பு உடலையும் அழிக்கிறது. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. ஆயினும் நேரத்தின் நீளம் மட்டுமே சிக்கல் அன்று. அந்நேரத்தின்மீது அதிகாரம் யாருடையது என்பதே மூல வினா. ஷோர் இவ்வினாவின் வாயில்வரை வந்து, உள்ளே செல்லாமல் நின்றுவிடுகிறார்.

நம் வாசகர்களுக்கு மனத்தில் தைக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவோம். கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் மார்கன் நகரில் ஒரு மாட்டிறைச்சி ஆலை உண்டு. அங்கே பணியாற்றிய சோமாலிய முஸ்லிம் தொழிலாளர்க்கும் மேலாளர்க்கும் இடையே, 2015 டிசம்பரில், தொழுகைக்கான இடைவேளை பற்றிப் பிணக்கு எழுந்தது. ஏறத்தாழ 150 பேர் வேலை இழந்தனர். கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் இதில் தலையிட்டது. நிறுவனம் தன்மீது தவறில்லை என்று கூறியபோதிலும், 2018-இல் 138 தொழிலாளர்க்கு மொத்தம் 15 இலட்சம் டாலர் வழங்க இசைந்தது. அத்தொழிலாளர் கேட்டது நீண்ட விடுமுறை அன்று; ஐந்து அல்லது பத்து நிமிடங்கள். இறைச்சியைச் சுமந்து நகரும் பட்டையின் ஓட்டத்திற்கு அந்நிமிடங்களும் உடன்பாடாகவில்லை. இதனைச் சமயப் பாகுபாடு என்ற ஒரு கோணத்தில் மட்டும் காண்பது போதாது. இயற்கைக் கடன் கழிக்கவும் இடைவேளை மறுக்கப்படுவதாக அந்நாட்டுக் கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளர் கூறியதை ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2016-இல் அறிக்கையாக வெளியிட்டது. தொழுபவரும் தொழாதவரும் ஒரே பட்டையின் முன்தான் நிற்கின்றனர்.

சமநிலை என்னும் சொல்

வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை வேண்டும் என்பது இப்போது எங்கும் கேட்கும் அறிவுரை. நாம் இச்சொல்லையே ஐயுறுகிறோம். தராசின் இரு தட்டுகளில் வைக்கப்படுபவை ஓரினப் பொருள்களாதல் வேண்டும். வேலையின் களைப்பைப் போக்கி, மறுநாள் வேலைக்கு ஆயத்தமாக்குவதே ஓய்வின் பயன் எனில், ஓய்வு வேலைக்கு எதிர்த்தட்டன்று. வேலையின் ஒரு பகுதியே. இயந்திரத்திற்கு எண்ணெய் இடுவதை எவரும் இயந்திரத்தின் விடுமுறை என்று சொல்வதில்லை. சமூகவியலறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1997-இல் எழுதிய நூல் இதற்கு நல்ல விளக்கம். அவர் ஆராய்ந்த நிறுவனத்தில் குடும்பத்திற்கெனப் பல சலுகைகள் இருந்தும், வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்தோர் மிகச் சிலரே. பலருக்கு அலுவலகமே பாராட்டும் நட்பும் கிடைக்கும் வீடாகிவிட்டது. வீடு முடியாத வேலைகளின் கூடமாயிற்று. நேரத்தை மீட்டுக் கொடுத்தாலும், அதைக் கொண்டு என்ன செய்வது என்று அறியாதவர்க்கு அது சுமையே ஆகும்.

உடல்நலமும் ஓய்வும் ஆகிய இரண்டு அருட்கொடைகளில் மனிதருள் பலர் இழப்புக்குள்ளாகின்றனர் என்னும் கருத்துடைய நபிமொழி பலரும் அறிந்ததே. அங்கே இழப்பாளியைக் குறிக்க வந்துள்ள ‘மக்பூன்’ என்பது வணிகச் சொல். விலை அறியாமல் விற்று ஏமாந்தவனை அது குறிக்கும். ஷோரின் பொருளியல் ஆய்வு முழுவதும் அவ்வொரு சொல்லின் விரிவுரைபோல நமக்குத் தோன்றிற்று. தம் நேரத்தின் விலையை அறியாமலே அமெரிக்கர் அதனை விற்றனர். விற்ற பணத்தில் வாங்கிய பொருள்களை வைத்து அனுபவிக்க நேரமில்லாது போயினர்.

இது தொலைவிலுள்ளோரின் கதை என்று நாம் ஒதுங்கவும் இயலாது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் எச்-1பி விசாவில் அங்கே பணிபுரிகின்றனர். வேலை போனால் அறுபது நாள்களுக்குள் வேறு வேலையோ வேறு வழியோ தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அந்த அச்சத்தில் உழைப்பவர், கூடுதல் நேரத்திற்கு மறுப்புச் சொல்வது எங்ஙனம்? இங்கே பெண் பேசுகையில் நாம் சம்பளத்தைக் கேட்கிறோம். எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று கேட்பதில்லை.

தமிழில் ‘பள்ளி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். துயிலும் இடத்தைப் பள்ளி என்றனர். பள்ளியறை என்பதில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. சமண முனிவர் தங்கிய இடமும் பள்ளி. பின்னர்க் கல்விக்கூடம் பள்ளியாயிற்று. நம் முன்னோர் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றனர். கிரேக்கரின் ‘ஸ்கோலே’ ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தின் பெயராகி நிற்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இளைப்பாறலும் கற்றலும் வணங்குதலும் ஒரே சொல்லின் நிழலில் தங்கியிருப்பது நம் மொழிக்கு வாய்த்த பேறு. ஓய்வு எதற்காக என்னும் வினாவிற்கு ஷோரின் நூலில் நமக்குக் கிடைக்காத விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. எஞ்சிய பகுதியை, அதாவது ஓய்வைப் பெற்றுத்தரும் சட்டங்களும் கணக்குகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை, அவரிடமே கற்றாக வேண்டும். நற்சொற்களின் செழுமை கொண்டு மட்டும் எவருக்கும் ஒரு மணி நேர விடுதலையையும் பெற்றுத்தந்துவிட முடியாது. நம் இளைஞர்கள் இந்நூலை, அதன் மறுப்புகளோடும் சேர்த்து, வாசிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.