கலுங்குக் கல்

மேகமலையில் ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று தேயிலைக்கு நடுவே கிடக்கும் நீரெல்லாம் மின்சாரத்துக்காகத் தேக்கியது. அழகுதான். ஆனால் என் மனம் மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் குளங்களிலும் கண்மாய்களிலும்தான் நிற்கிறது. அவற்றுக்கு ஊர்க்காரர்களே காவல்.

கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தளத்தின்மேல் இடைவெளி விட்டுக் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், கரை தாங்கும் என்று தெரிந்தபின், அந்த இடைவெளிகளில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைப் பிடிப்பது பழைய வழக்கம். திடீர் வெள்ளம் வந்தால் நள்ளிரவானாலும் அந்த அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். அடைத்தால் நீர் தேங்கும் பக்கத்து உள்வாய் நிலம் மூழ்கும். அடைக்காவிட்டால் பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல் காயும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு கைப்பிடி மண் வைக்க முடியாது. இதைவிட நுட்பமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்கட்டியும் ஊர்க்கூட்டமும் பார்த்துவந்த வேலையைத்தான் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடம் தந்தது. மதுரையின் தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டியது. ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-ல் அரசுத் திட்டமாகத் திரும்பியபோது செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்காக இருந்தது; அதை உழைப்பாகவும் தரலாம் என்றிருந்தது. அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. தன் வியர்வை விழுந்த கரையில் இன்னொருவன் குப்பை கொட்ட வந்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.