165 சென்டிமீட்டர்
விதிகளையும் பிரதிகளாக வாசிக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டையில் என் மாணவிகளிடம் சொல்வேன். லுஃப்தான்சாவின் விமானிப் பயிற்சிக்கு உயரம் 165 முதல் 198 சென்டிமீட்டர் என்றது ஒரு விதி. தொழிற்சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து எழுதியது. அதில் 'ஆண்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஜெர்மானியப் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை வாசலிலேயே நிறுத்தியது. ஆண்களில் மிகச் சிலரைத்தான்.

161.5 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மறைமுகப் பாகுபாடுதான் என்ற கொலோன் நீதிமன்றங்கள், இழப்பீடு தரவில்லை. 2016இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தில் 14,175 யூரோவுக்குச் சமரசமானது. சமரசம் என்பதால் தீர்ப்பு எழுதப்படவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இருக்கையும் மிதிகட்டையும் யாருடைய உடலை அளந்து செய்தவை என்பதை விதி சொல்வதில்லை. நம் காவலர் தேர்வில் பெண்ணுக்கு 159 என்று தனி அளவு உண்டு. அரசு பெண்ணையும் தனியே அளந்திருக்கிறது. பருத்திக்காட்டுப் பெண்களின் மகள்கள் ஐந்தடியைத் தாண்டினாலே இங்கே 'நல்ல வளத்தி' என்பார்கள்.

அதே குழுமத்தின் ஸ்விஸ் நிறுவனத்தில் 160 போதும் என்றிருந்தது. இதைச் சொன்னதும் திருச்சுழிப் பக்கத்து மாணவி கேட்டாள்: "அப்ப அந்த அஞ்சு சென்டிமீட்டர் எதுக்கு மேடம்?"