சுவிசேஷக் கூடங்களும் நவீன பண்பாடும்

ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ-9 வீதியை அண்டிக் கிடக்கும் ஊர் கனகராயன்குளம். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறுய்' படையெடுப்பிலும், 1999 நவம்பரிலும், மீண்டும் 2008ஆம் ஆண்டின் இறுதியிலுமாக இப்பகுதி மூன்று முறை கைமாறிற்று. மீண்டு வந்த மக்கள் வெறுந்தரையிலிருந்து தொடங்கினர். இவ்வாறு மீள்குடியேறிய வன்னிக் கிராமங்களிலே கோயில்களும் பழைய தேவாலயங்களும் புதுப்பிக்கப்பட்டதோடு, தகரக் கூரையின் கீழ்ச் சிறு சிறு சுவிசேஷ ஜெபக்கூடங்களும் எழுந்தன.

இக்கூடங்களை நிரப்புவோர் யார்? 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். கணவனை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்கள். காணாமற்போன மகனுக்காக இன்னும் சோறு எடுத்து வைக்கும் தாய்மார். இவர்களைப் 'பால்மாவுக்கு மதம் மாறியவர்கள்' என்று எள்ளுவது நம் நடுத்தர வகுப்பாரிடையே நாகரிகமாகிவிட்டது. அவ்வெள்ளலில் நமக்கு உடன்பாடில்லை. கோயில் வெளிவீதியோடு நிறுத்தப்பட்டவனை 'சகோதரனே' என்று விளித்து முன்வரிசையில் இருத்திய கூடத்தைப் பரிகசிக்க, அவனை வெளியே நிறுத்தியவர்களுக்கு உரிமை ஏது?

எனினும் அங்கே நிகழும் பிரசங்கத்தைச் செவிமடுக்கும்போது நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. 'உலகம்' என்ற சொல் அதில் அடிக்கடி ஒலிக்கும். சினிமா, தொலைக்காட்சித் தொடர், கைத்தொலைபேசி, இளம்பெண்ணின் உடுப்பு ஆகியனவே அந்த உலகம். நவீன பண்பாடு விடுக்கும் சவால் இவ்வளவுதானா? சோதனையை எதிர்த்துப் பேசும் போதகரே ஒலிபெருக்கியையும் கீபோர்டையும் பயன்படுத்துகிறார். தம் பிரசங்கத்தை யூடியூபில் ஏற்றுகிறார். கருவியை அவர் ஏற்றுக்கொண்டார். ஆராயும் அறிவையோ வாசலில் நிறுத்திவிட்டார்.

இம்முரண்பாடு இன்று பிறந்ததன்று. வேரைக் காண நாம் வன்னியைக் கடந்து யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்குச் செல்லவேண்டும். 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் இன்றைய போதகர்களுக்கு எவ்வகையிலும் குறையாத சுவிசேஷ வைராக்கியம் உடையவர்கள். எனினும் 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழிலக்கியமும் வேதத்தோடு ஒருங்கே பயிலப்பட்டன. 1829இல் சந்திர கிரகணக் கணிப்பை முன்னிட்டு அவர்கள் பஞ்சாங்கக்காரரோடு வாதாடினர். பஞ்சாங்கத்தைப் பேய் என்று ஓட்டாமல், கணக்கைக் கணக்கால் எதிர்த்தனர். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை தோன்றியது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவு. தமிழில் விஞ்ஞானம் பேச முடியாது என்று இன்றும் சாதிப்போர் அந்நூல்களின் பெயரையாவது அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆனால் கொடுத்த கையே பின்னர் நடுங்கிற்று. கற்றவன் கொடுத்தவனின் எல்லையில் நிற்பதில்லையல்லவா? பார்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுகநாவலர், மிஷன் கையாண்ட பாடசாலை, பிரசங்கம், அச்சு ஆகிய மூன்றையும் கொண்டே சைவத்துக்கு அரண் அமைத்தார். வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியத்தின் பகுதிகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். மாணவரிற் பலர் ஆங்கிலத்தை அரசாங்க உத்தியோகத்துக்கு ஏணியாக்கினர். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் குழுவினர், சுவிசேஷ ஊழியர் போதிய அளவு உருவாகவில்லையென்று குறைகண்டனர், செமினரி மூடப்பட்டது. உத்தியோகம் தேடும் படிப்பு என்ற அவர்கள் குறையில் உண்மை உண்டு. ஆனால் பரிகாரம் என்ன ஆயிற்று? கேள்வி கேட்கும் மாணவனை ஆக்கிய பள்ளியையே அடைத்தார்கள். அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததற்கு உள்ளூர்க் கிறிஸ்தவரின் உறுதியே பெருங்காரணம்.

அந்த அச்சம் எல்லாரையும் பற்றியது என்று சொல்வதும் நியாயமன்று. உலகத் திருச்சபை மன்றத்தின் முதல் மாநாட்டில், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உரையாற்றிய டி. தி. நைல்ஸ் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர், சுவிசேஷகராகவே வாழ்ந்தவர், ஆசிய மக்களின் பாடல் மரபைத் திருச்சபைக்குள் கொண்டுவர உழைத்தவர். பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு', மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்கி ஆராயும் நூல். வேதத்தின் சொல்லும் வரலாற்றுக்குள் பிறந்தது, மனிதக் கைகளால் திருத்தப்பட்டது என்பதை அஞ்சாது எழுதிய விசுவாசி அவர். அத்தகைய நூலொன்றை வன்னியின் எந்த ஜெபக்கூடத்து அலமாரியிலும் நாம் கண்டதில்லை.

இதனால் வரும் நட்டம் யாருடையது? நுண்கடன் வசூலிக்க வாசலில் வந்து நிற்பவனுக்கு அஞ்சும் பெண் கூடத்துக்கு வருகிறாள். வன்னிப் பெண்களை இக்கடன் எவ்வளவு நெருக்கிற்றென்றால், 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க நேர்ந்தது. அவளுக்குக் கிடைக்கும் விளக்கமோ, வீட்டில் பாவம் இருக்கிறது, விசுவாசம் குறைந்துவிட்டது என்பது. வட்டி வீதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்தனர். அப்பந்தலில் இருக்கும் தாய்க்கும் ஜெபக்கூடத்தில் அழும் தாய்க்கும் துயரம் ஒன்றே. ஒரு தாய் பதில் கேட்கிறாள். மற்றவளுக்கு ஆறுதல் மட்டுமே போதும் என்று கற்பிக்கப்படுகிறது. ஏழைகளுக்காகப் பேசிய தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் அந்த வேதாகமத்துக்குள்ளேயே இருக்க, அவை திறக்கப்படாமலிருப்பதே நமக்கு வியப்பு.

இவ்வளவு கூறிய பின்னும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 2004இல் கட்டாய மதமாற்றத் தடை என்ற பெயரில் வந்த மசோதாவும், 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிக் கூடங்களுக்கு அனுமதி கேட்கும் அதிகாரமும், 2016இல் வவுனியாவில் தோன்றிய சிவசேனையின் கூக்குரலும் நம் விமர்சனத்துக்குத் துணையல்ல. கூடத்தை மூடச் சொல்வோர், 1855இல் பள்ளியை மூடியவர்களின் வாரிசுகளே. நாம் கேட்பது கூடத்துக்குள் இன்னும் சில புத்தகங்கள்.

அங்கே நாம் மனமார மதித்த காட்சி ஒன்றுண்டு. பாடசாலையை இடையில் விட்ட தாய்மார் வேதாகமத்தை மடியில் வைத்து, விரலால் வரி தொட்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். சிலர் அக்கூடத்திலேயே வாசிக்கப் பழகியவர்கள். இப்பணியை நம் முற்போக்குச் சங்கங்கள் அவ்வூர்களில் செய்யவில்லை. பொழுதுபடும் வேளையில் ஒரு கிராமத்துக்குச் சென்றோம். வாசிகசாலைக் கதவில் துருப்பிடித்த பூட்டுத் தொங்கியது. இரண்டு வளவு தள்ளி, ஜெபக்கூடத்தில் விளக்கேற்றிப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.