விளக்கொளியில் ஒரு பரீக்ஷை

பகல் வெளிச்சத்தில் நீலம் கலந்த பச்சையாக நின்ற ஒரு கல், அந்தி சாய்ந்து அகல் விளக்கின் அருகே வந்த மாத்திரத்தில் ஊதா இழையோடும் செம்மையை அடைந்துவிடும் அதிசயத்தைக் கண்டவர்கள், அதன் பிறகு வைரத்தின் ஜொலிப்பையே பெரிதென்று பேசச் சற்றுத் தயங்குவார்கள். அலெக்ஸாண்டிரைட் என்னும் அந்த ரத்தினம் 1830-களில் ருஷ்ய நாட்டு யூரல் மலைப் பிரதேசத்தின் மரகதச் சுரங்கங்களில் முதன்முதலாக அகப்பட்டது. பிற்காலத்தில் இரண்டாம் அலெக்ஸாண்டர் என்று முடிசூடிய இளவரசரின் பெயரை அதற்கு இட்டார்கள். நம்மவர் வைடூரியம் என்று போற்றும் பூனைக்கண் கல்லும் இதுவும் கிரைஸோபெரில் என்ற ஒரே தாதுவின் இரு வடிவங்கள். இலங்கையில் இரண்டுமே கிடைக்கின்றன.

நிறமாற்றத்துக்குக் காரணம் குரோமியம். ஸ்படிகத்துக்குள் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் புகுந்துகொள்ளும் அந்த உலோகம், மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டுப் பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறையச் சமமாக வழிவிடுவதால், நீலமும் பச்சையும் மிகுந்த பகலொளியில் கல் பச்சையாகவும், செம்மை மிகுந்த சுடரொளியில் சிவப்பாகவும் நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆனால் கிரைஸோபெரிலுக்கு இன்றியமையாத பெரிலியம் ஒருவகைப் பாறையிலும் குரோமியம் வேறொருவகைப் பாறையிலும் தங்குவதே பூமியின் வழக்கமாதலால், இவ்விரண்டும் சந்திப்பது அபூர்வம். நல்ல இயற்கைக் கல்லின் விலை சாமானியர் கைக்கு எட்டாமல் போனதும் அதனாலேதான்.

அந்தச் சந்திப்பை மனிதன் தன் உலைக்களத்தில் நிகழ்த்திவிட்டான். உருகிய ரசாயனக் கலவையில் மூலப்பொருள்களைக் கரைத்து, வாரக் கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிட்டு ஸ்படிகத்தை வளர்ப்பது ஒரு முறை. உருகிய குழம்பின் மேற்பரப்பில் ஒரு விதை ஸ்படிகத்தைத் தொடவைத்துச் சுழற்றியபடியே மேலே இழுப்பது, போலந்து நாட்டு விஞ்ஞானி சொக்ரால்ஸ்கியின் பெயரால் வழங்கும் மற்றொரு முறை. இவ்விதம் பிறந்த கல் மூலப்பொருளிலும், கடினத்திலும், நிறம் மாறும் ஸ்வபாவத்திலும் சுரங்கத்துக் கல்லோடு ஒத்திருக்கும்போது, அதைப் பொய்க்கல் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. அழகைக் கண்ணால் அனுபவிக்க விரும்புகிறவனுக்கு அதன் பிறந்தகம் ஒரு குறையாகாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அலெக்ஸாண்டிரைட் என்ற பெயரைச் சூட்டி மலிவாக விற்கப்படும் கற்களில் பல கிரைஸோபெரிலே அல்ல. மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் இனமான குருந்தக் கல்லை வனேடியம் சேர்த்து உருக்கி வளர்த்தவை. பிரெஞ்சு ரசாயன நிபுணர் வெர்னேய் 1902-ல் வெளியிட்ட தீச்சுடர் முறையில் அவை பிறக்கின்றன. பகலில் சாம்பல் கலந்த நீலமாகவும் விளக்கொளியில் செவ்வந்திக்கல்லின் ஊதாவாகவும் அவை தோன்றுமேயன்றி, உண்மையான பச்சை அவற்றில் எழுவதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால், கிராமபோன் தட்டின் வரைகளைப் போல வளைந்து செல்லும் மெல்லிய கோடுகள் அகப்படக் கூடும். அவை தென்பட்டால் கல் உலையில் பிறந்தது என்பது நிச்சயம். இழுத்து வளர்த்த கிரைஸோபெரிலிலும் சில சமயம் வளைகோடு உண்டாதலால், இனத்தை நிர்ணயிக்க ஒளிவிலகலை அளந்தாக வேண்டும்: கிரைஸோபெரிலுக்கு ஏறத்தாழ 1.75, குருந்தத்துக்கு 1.76 முதல் 1.77 வரை. இத்தனை சிறிய வித்தியாசத்தைக் கருவியல்லாமல் கண்டுகொள்ள இயலாது. ஆகவே விலையுயர்ந்த கல்லானால் பரிசோதனைச் சான்றிதழ் அவசியம்.

பட்டை தீட்டுகிறவரின் பங்கையும் மறக்கலாகாது. திசைக்கொரு நிறம் காட்டும் அலெக்ஸாண்டிரைட் ஸ்படிகத்தை எந்தப் பக்கமாக அறுத்தால் மேல்முகத்தில் மாற்றம் முழுமையாக எழும் என்று அறிந்து அறுப்பது பெரிய வித்தை. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் பெயர்பெற்ற திருச்சிராப்பள்ளி நகரத்தைக் கொண்ட நமக்கு, அந்தக் கைத்திறனின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் ரசனைக்கு மிக உகந்த நேரம் மாலை மங்கும் வேளை. ஜன்னலோரத்தில் வானத்து வெளிச்சம் இன்னும் மிஞ்சியிருக்க, அறைக்குள் விளக்கேற்றி, இரண்டுக்கும் நடுவே கல்லைப் பிடித்துச் சற்றே சாய்த்தால், ஜன்னலை நோக்கிய பட்டைகளில் பச்சையும் சுடரை நோக்கிய பட்டைகளில் சிவப்பும் ஒரே சமயத்தில் பூத்து, விரல் அசையும்தோறும் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கும். முழுப் பச்சையோ முழுச் சிவப்போ இவ்வளவு இன்பம் தருவதில்லை.

உலையில் பிறந்த அலெக்ஸாண்டிரைட்டை வாங்கப் போகிறவர்கள் கடையின் வெண்ணிற எல்.இ.டி. விளக்கை நம்பிவிட வேண்டாம். பழைய இழை பல்பின் செம்மை அதில் இல்லாமையால், நல்ல கல்லின் மாற்றமும் அங்கே மங்கிப்போகும். வாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பாருங்கள். பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் மனம் நிறைந்தால், “ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிரைஸோபெரில்” என்றே ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதை எழுத மறுக்கும் கடையில் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.